சிலிண்டரின் நிறை

ஸ்காபரோ வீட்டின் நிலக்கீழ் அறைக்குள் சின்ன யன்னல் வழியாகப் பனி வெளிச்சம் வருகிறது. நாளைக்குப் பஸ்ரியன் செத்த முப்பத்தோராம் நாள். அவன் கடைசியாகக் காய்ச்சிய பியர், மூலையில் கெக் என்கிற ஒரு சில்வர் பீப்பாயில் நிற்கிறது. வருகிறவர்களுக்கு அதை வார்த்துக் கொடுக்கச் பியரைத் தள்ளுகிற காஸ் சிலிண்டரில் போதுமா என்று அவன் தம்பி கிளிபோட் பார்க்கிறான். “மீற்றர் முள்ளை நம்பாதை, அது கடைசிமட்டும் அசையாது. நிறுத்துத்தான் பாக்கவேணும்” என்று அண்ணன் எப்போதும் சொல்லுவான். அண்ணி றோசலின் குளியலறைத் தராசைக் கொண்டுவந்து வைக்கிறாள். ஆசுபத்திரியால் வந்த பிறகு, ஒவ்வொரு காலையும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அண்ணன் ஏறி நின்றது இதில்தான். கிளிபோட் சிலிண்டரை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி, நோகாமல் வைக்கிறான். இலக்கங்கள் தடுமாறி நாலு கிலோ இருநூறில் நிற்கின்றன. சிலிண்டரின் கழுத்தில் பொறித்திருக்கும் வெறும் நிறையை அதிலிருந்து கழித்துப் பார்க்கிறான்.

“காணுமே?” அண்ணி கேட்கிறாள்.

“ஓம் அண்ணி. இன்னும் எட்டுக் கெக்குக்குக் காணும்.”

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைக்கிறது. அண்ணி மூலைக்குப் போய்க் குளிர்ந்த கெக்கின்மேல் உள்ளங்கையை வைக்கிறாள்.

“இருக்கிறது இது ஒண்டுதானே, தம்பி.”