மவுஸ் பார்த்த இன்டர்வியூ

மேஜைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழைய மெயில் புரோகிராம் அதில் ஓடவில்லை. வேறு ஒன்றைத் தேட வேண்டியிருந்தது. கீபோர்டும் மவுஸும் பழசுதான். மவுஸின் இடது பட்டன் தேய்ந்து போயிருந்தது. அதுவும் போய்விட்டால் குப்பைக்கூடைதான்.

முதலில் ஒரு பெரிய புரோகிராம் கீபோர்டிடமும் மவுஸிடமும் வேலை கேட்டு வந்தது. "காலண்டர் இருக்கு, அரட்டை இருக்கு, மழை வருமான்னுகூட சொல்வேன்" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜன்னலைத் திறந்தது. மவுஸ் மூடி மூடிக் களைத்துப்போனது.

"மெயில் எங்கப்பா?" என்றது கீபோர்டு.

"அதுக்கு முன்னாடி, என்னைப் பத்தி ஒரு சின்ன அறிமுகம்..."

"நீ கிளம்பு!"

அடுத்து வந்தது ஒரு சின்னப் புரோகிராம். வந்திருந்த மெயில்களை வரிசையாகக் காட்டிவிட்டுப் பேசாமல் நின்றது. மவுஸ் பழக்கதோஷத்தில் மூலைக்கு ஓடி, மூடுவதற்கு ஜன்னலைத் தேடியது. ஒன்றும் இல்லை.

"வேற என்ன தெரியும் உனக்கு?" என்று கேட்டது மவுஸ்.

"எழுதிக் குடுத்தா கொண்டுபோய்ச் சேர்ப்பேன்."

"மெயிலே வராத நாள்ல என்ன பண்ணுவே?"



"சும்மா இருப்பேன்."

"அப்பாடா!" என்ற மவுஸ், தேய்ந்த பட்டனை ஒரே ஒரு தடவை சந்தோஷமாக அழுத்தி, சின்னப் புரோகிராமை வேலைக்கு வைத்துக்கொண்டது.