ஜீப் நின்ற இடம்

ஆப்பிரிக்கப் புல்வெளியில் மண்டிபோட்டு மேய்ந்துகொண்டிருந்த காட்டுப்பன்றியின் எதிரே சுற்றுலா ஜீப் ஒன்று வந்து நின்றது. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் கேமராவைத் தூக்கினார்கள்.

வளை வாசலில் நின்ற பெண்டாட்டிக்குப் பெருமை தாங்கவில்லை. "என்னங்க, உங்களைத்தான் படம் பிடிக்கிறாங்க. கொஞ்சம் நிமிர்ந்து நில்லுங்க."

பன்றி மேய்வதை நிறுத்தியது. பிறந்ததிலிருந்து அதற்காக ஒரு வண்டியும் நின்றதில்லை. "நம்ம மூஞ்சிக்கு யாருடி வண்டியை நிறுத்துவா? எனக்குப் பின்னால யாரோ பெரிய மனுஷர் நிக்கிறார். உள்ள ஓடு."

திரும்பிப் பார்க்காமல் அதுவும் வளைக்குள் பாய்ந்தது. பின்னாலேயே பாய்ந்த சிங்கத்தின் நகத்தில் மண்தான் சிக்கியது.

சிங்கம் போனது. ஜீப்பும் அதன் பின்னாலேயே போனது. பன்றி வெளியே வந்து, புழுதி அடங்கும்வரை மண்டிபோட்டுக் கும்பிட்டது.

"நல்லா இருங்க சாமிகளா. எங்களைப் பார்க்காம, இப்படியே அடிக்கடி வந்துட்டுப் போங்க."