கண்ணாடி ஒட்டிய சுவர்

கண்ணாடி உடைந்திருந்தது.

அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். இரண்டு விரல் அகலத் துண்டு. நடுவில் தலைமுடிபோல ஒரு கோடு.

சுவரின் விரிசலுக்குக் குறுக்கே ஒட்டிய கண்ணாடி அது. சுவர் அரை நூல் அசைந்தாலும் உடையும். உடைந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம். நகர்ந்தால் இடித்துவிட வேண்டும். சைட்டுக்கு வந்த உத்தரவுக் காகிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

என்ஜினீயர் ஆல்பர்ட் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"இறக்கிடலாம்," என்றார். அவருக்கும் அதில் சந்தோஷமில்லை.

இடிக்கும் எந்திரத்தை அப்பாஸ் உறுமவிட்டான்.

மண்ணடியில் நூற்றி முப்பது வருஷம் நின்ற அச்சகம். பின்பக்கமெல்லாம் போயாயிற்று. முகப்புச் சுவர் மட்டும் இரும்பு முட்டுக்கொடுத்து நின்றது. அதன் முதுகோடு ஒட்டிப் பதினாலு மாடி எழும்ப வேண்டும். பழைய முகம், புது உடம்பு. அதுதான் திட்டம்.

அவள் சித்தாள். பன்னிரண்டு வயதில் தலையில் சும்மாடு ஏறியது. இருபத்தாறு வருஷமாக இந்த வட்டாரத்தில் அவள் கை படாமல் விழுந்த சுவர் குறைவு. வீடு, தியேட்டர், கிடங்கு. இடி என்றார்கள், இடித்தாள். அள்ளு என்றார்கள், அள்ளினாள். வருத்தப்பட்டதில்லை. கல்லுக்காக அழுதால் உலை கொதிக்காது.

இடிக்காதே என்று அவளிடம் சொன்ன முதல் சுவர் இதுதான்.

ஆறு மாதம் சுரண்டினாள். பச்சைப் பெயின்ட், அதன் கீழே காவி, அதன் கீழே நீலம், அப்புறம் பூச்சு. ஒருநாள் மத்தியானம் செங்கல் வெளியே வந்தது. அறுத்த மாதுளை மாதிரி. அன்றைக்கு அவள் சாப்பாட்டை மறந்தாள். சாப்பாட்டை மறக்கிற ஆள் இல்லை அவள்.

கீழ் மூலையில் மட்டும் பூச்சு பாக்கி. விரிசல் அங்கேதான்.

விரலை மடக்கிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் தட்டினாள்.

டொப்.

மேலே, வெறும் செங்கல்லில் தட்டினாள்.

டக்.

மறுபடியும் கீழே தட்டினாள். டொப்தான்.

கண்ணாடியை ஒட்டியவள் அவள்தான். போன புதன்கிழமை. பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் செங்கல்லின் மேல் ஒட்ட வேண்டும். அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் லாரியில் ஏறிவிட்டார்கள். டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பூச்சின் மேலேயே அப்பிவிட்டு ஓடினாள்.

அந்தப் பூச்சு உள்ளே கழன்று பொருக்காய் நிற்கிறது. பக்கத்தில் அஸ்திவாரத்துக்குத் தூண் இறக்கும் பைல் எந்திரம் பூமியைக் குத்தக் குத்த, ஆடியது பூச்சு.

சுவர் அல்ல.

வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் சுவர் போகும். சுவர் போய்விட்டால், எவள் ஒட்டினாள், எப்படி ஒட்டினாள் என்று யாரும் கேட்கப் போவதில்லை. மண்ணோடு மண்.

மேஸ்திரி பச்சமுத்து அவள் முகத்தைப் படித்துவிட்டான்.

"ஏய், கம்முனு இரு. உன் வாய் இன்னிக்கு சோத்துக்கு மட்டும் தொறக்கட்டும்."

"சார், செவுரு அசையல!" என்றாள்.

எந்திரச் சத்தத்தில் ஆல்பர்ட்டுக்குக் கேட்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினாள். என்ன தகராறோ என்று அப்பாஸ் அதே நேரம் இன்ஜினை அணைத்தான்.

"நான்தான் தப்பா ஒட்டிட்டேன்!"

தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

பச்சமுத்து துண்டை உதறினான். "போச்சு. நாளையிலேர்ந்து வேற மேஸ்திரியப் பாத்துக்க."

"பாத்துக்கறேன். உன்னவிட மோசமா ஒருத்தன் இனிமேலா பொறக்கப் போறான்?"

அப்பாஸ் சிரித்தே விட்டான்.

ஆல்பர்ட் சிரிக்கவில்லை. வந்து குனிந்து தட்டினார். டொப். செங்கல்லில் தட்டினார். டக். மறுபடியும் தட்டினார்.

"கொத்துங்கம்மா."

உளியை வைத்து ஒரே போடு. தாம்பாளம் அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது.

செங்கல்லிலும் விரிசல் இருந்தது. மெலிசாக. உள்ளே கருத்துப்போன பழைய ஒட்டடை, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக. ஒரு இழை அறுந்திருக்கவில்லை.

ஆல்பர்ட் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் காகிதத்துக்குக் கண்ணாடிதான் சாட்சி.

கண்ணாடி ஒட்டும் வெள்ளை மாவைக் குழைத்தாள். புதுக் கண்ணாடியைச் செங்கல்லில் பதித்தாள். பத்து நிமிஷத்தில் இறுகியது. ஆல்பர்ட் கையசைக்க, பைல் எந்திரம் ஆரம்பித்தது.

தம்.

முதல் குத்து பாதத்தில் ஏறிப் பல்லில் வந்து நின்றது.

தம்.

கம்பி கட்டுகிறவன் கம்பியை விட்டான். கலவை போடுகிறவள் கலவையை விட்டாள். இரண்டு விரல் அகலக் கண்ணாடியை மொத்த சைட்டும் பார்த்தது.

அரைமணி நேரம். அவள் கால் மாற்றி நிற்கக்கூட இல்லை.

ஆல்பர்ட் கையை உயர்த்தினார். குத்து நின்றது. செல்போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். இந்தப் பக்கம். அந்தப் பக்கம்.

கோடு இல்லை.

"இன்னா தெம்புடா கெழவிக்கு!" என்று அப்பாஸ் சுவரைப் பார்த்துக் கூவினான். யாரோ விசிலடித்தார்கள். ஆல்பர்ட் காகிதத்தை எடுத்துத் தன் தொடைமேல் வைத்து ஒரு வரியை அடித்தார். பேனா காகிதத்தைக் கிழித்தது.

இடிக்கும் எந்திரத்துக்கு இனி இங்கே வேலையில்லை. வெளியே எடுக்க வேண்டும். ஒரு பக்கம் பைல் குழி, ஒரு பக்கம் சுவர். நடுவில் எந்திரம் திரும்பும் அளவுக்குத்தான் இடம். சுவர் வரைக்கும் பின்னால் போய்த்தான் திருப்ப வேண்டும்.

வழி காட்டப் பச்சமுத்து கை தூக்கிக்கொண்டு வந்தான்.

"நீ இல்ல மேஸ்திரி," என்றான் அப்பாஸ். "அக்கா, நீ வா."

அவள் போய்ச் சுவருக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். வெயிலில் செங்கல் சுட்டது. இருபது டன் இரும்பு அவளைப் பார்த்துப் பின்னால் வந்தது. வா என்றாள். இன்னும் வா. இடது பக்கம் ஒடி.

ஒரு முழம் இருக்கும்போதே உள்ளங்கையை உயர்த்தினாள்.

நின்றது.