கேரவனுக்குப் பச்சை

காலை பஸ்ஸில் கடைக்குப் போய் மாலையில் திரும்பிய எஃபி வழியிலேயே நின்றுவிட்டாள். கடலோர மேட்டில் நின்ற அவளுடைய ஆரஞ்சு நிறக் கேரவன், புல்லோடு புல்லாகப் பச்சையாகியிருந்தது.

"எப்படி இருக்குக்கா?" எடின்பரோவிலிருந்து வந்து அதில் தங்கியிருந்த கிரஹாம் பிரஷும் கையுமாகச் சிரித்தான். "ஒரு வாரமா மீன் பொரிச்சுப் போட்டீங்களே, அதுக்கு என்னால முடிஞ்சது. அந்த ஆரஞ்சு கண்ணை உறுத்துச்சு."

"யாரைக் கேட்டு அடிச்சே?"

அவள் குரல் நடுங்கியதும் அவன் முகம் சுண்டிப்போனது.

"மன்னிச்சிடுங்கக்கா. உங்க வீட்டுக்காரர் அடிச்ச பெயிண்டா? அவர் ஞாபகமா வச்சிருந்தீங்களா?"

"ஞாபகமா? அவரு உயிரோட கடல்ல மீன் பிடிச்சிட்டு இருக்காரு தம்பி! பாறைக்கு நடுவுல ஒரே வழிதான். சர்ச் கோபுரத்துக்கு நேர் கீழே ஆரஞ்சு தெரிஞ்சாத்தான் படகை உள்ளே திருப்புவாங்க. இப்போ ஊர்ப் படகு மூணும் வர்ற நேரம்!"

அரை மணி நேரத்தில் மூன்று படகுகளும் பத்திரமாகக் கரை சேர்ந்தன. இறங்கியதுமே எஃபியின் கணவன் டூகல் மேட்டை அண்ணாந்து பார்த்தான். ஊரின் ஐந்து வீட்டு மீனவர்களின் பழைய ஆரஞ்சு மழைக்கோட்டுகளையும் கேரவன்மேல் கடல் பக்கம் தொங்கும்படி பரப்பி, அவை காற்றில் பறக்காமலிருக்க கையையும் காலையும் விரித்துக் குப்புறக் கிடந்தான் ஒருவன்.

"யாரது?"

"நம்ம கேரவன்ல தங்க வந்த தம்பி," என்றாள் எஃபி. "இன்னிக்கு அவன்தான் கேரவன்."