காகிதக் கதவு

பிரசவத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியதிலிருந்து பூரணி மாலை முழுவதும் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த ஜப்பானிய ஓவியத்தின் முன்னால்தான் உட்கார்ந்திருப்பாள். ஓவியத்தில் ஒரு காகிதக் கதவு. உள்ளே எரியும் விளக்கில், தலைகுனிந்த ஒரு பெண்ணின் நிழல் அதன்மேல் விழுந்திருந்தது. பூரணியின் கணவன் கதிரேசன் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. தொட்டிலை மட்டும் எங்கோ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

இன்று இருட்டத் தொடங்கியதும் அவன் ஸ்விட்சில் கை வைத்தான்.

"போடாதீங்க. அவ அழுதிட்டிருக்கா."

அவன் அருகில் வந்து வெகுநேரம் ஓவியத்தையே பார்த்தான்.

"அழல பூரணி. மடியில புள்ள தூங்குது. அதான் அசையாம இருக்கா."

பூரணி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் விளக்கைப் போடாமல், அவள் பக்கத்தில் உட்கார நாற்காலியை இழுத்தான்.

"மெதுவா," என்றாள் பூரணி. "முழிச்சுக்கப் போகுது."