ஃபாரம் சார்

திரையில் மறுபடியும் அதே சிவப்பு வரி: ‘இணைக்க முடியவில்லை.’

“நாற்பத்தெட்டு,” என்றாள் பக்கத்து இருக்கைப் பெண். “காலையிலேர்ந்து எண்ணிக்கிட்டே இருக்கேன்க்கா.”

“வெந்த புண்ணுல வேல் பாய்ச்சாதடி,” என்றாள் இவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாலு மணிக்கு மேலாளர் வருவார். தலைமை அலுவலக டேட்டாபேஸில் இருக்கும் மருந்து இருப்பை, இவள் எழுதிய மென்பொருள் இந்தக் கிளைக் கணினியில் காட்டவேண்டும். காட்டினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால், எட்டு வருஷம் பிள்ளைகளோடு இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பியவள், பழையபடி வீட்டுக்கு.

தலைமை அலுவலகத்தில் வைத்துப் பார்த்தபோது பிசகில்லாமல் ஓடியது. இங்கேயோ எதுவும் ப்ராக்ஸி என்கிற காவல் கணினியைத் தாண்டித்தான் வெளியே போகவேண்டும். அது பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். சரியாக இருந்தால்தான் வழிவிடும்.

அந்தக் காவலுக்கும் ஒரு காவலாக ஒருவர், கோடி அறையில். என்ன கேட்டாலும் “ஃபாரம் இருக்கா?” என்பார். அதுவே அவர் பெயராகிவிட்டது: ஃபாரம் சார்.

காலையிலேயே அவரிடம் போய்க் கெஞ்சியிருந்தாள்.

“சார், இன்னிக்கு ஒரு நாள் என் கம்ப்யூட்டரை மட்டும் ப்ராக்ஸி இல்லாம விடுங்களேன்.”

“எல்லாருக்கும் ஒரே வாசல்தாம்மா.” தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “உங்க பாஸ்வேர்டு தப்புன்னு வருது.”

“என் பாஸ்வேர்டு எனக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியறது அவ்வளவுதான்.”

திரும்பி வந்து பக்கத்து இருக்கையிடம் சொன்னாள்: “கல்லுல நார் உரிக்கலாம், இந்த மனுஷன்கிட்ட ஒண்ணும் நடக்காது. இது ஓடட்டும், அவர் முகத்துக்கு நேரா ரெண்டு வார்த்தை கேக்கறேன்.”

ஐம்பதாவது சிவப்புக்குப் பிறகு, தன் மென்பொருள் உண்மையில் என்னதான் அனுப்புகிறது என்று எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்த்தாள். பிள்ளைகள் இருவரின் செல்லப்பெயர்கள், நடுவில் ஒரு கூட்டல் குறி. அதுதான் அவள் பாஸ்வேர்டு. வெளியே போகும்போது அந்தக் கூட்டல் குறி மட்டும் காணாமல் போய், அங்கே வெற்றிடம்.

“அடிப்பாவி! தப்பை நானேதான் அனுப்பிக்கிட்டு இருந்திருக்கேன்!”

ஒரே ஒரு வரியைத் திருத்தினாள். பச்சை. மருந்துப் பெயர்கள் மடைதிறந்த மாதிரி திரையில் கொட்டின. பக்கத்து இருக்கைப் பெண் மேசையைத் தட்டி விசில் அடித்தாள்.

மேலாளர் வந்தார். தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு, ஒரு மருந்தின் இருப்பில் ஒரு பெட்டியைக் கழிக்கச் சொன்னார். திரையில் எண் கண்ணெதிரே குறைந்தது.

“சபாஷ்! திங்கட்கிழமை வேலை நிரந்தர ஆர்டர் உங்க கையில இருக்கும்மா. எங்கே, என் பேர்லயும் வருதா பாப்போம்.”

அவசரத்தில் தன் பாஸ்வேர்டை மூன்று தடவை தப்பாக அடித்தார்.

“போச்சுடா!” என்றார் மேலாளர். “ மூணு தடவை தப்பினா ப்ராக்ஸி நம்ம பேரையே பூட்டிடும். இனி நம்ம ஃபாரம் சார் ஃபாரம் எழுதித்தான் திறக்கணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

ஐம்பது தடவை. ஒரு தடவைகூட அவள் பெயர் பூட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை.

கோடி அறைக்குப் போனாள். மேசையில் அவருடைய சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது. காற்றில் பறக்காமலிருக்க அதற்கடியில் ஒரு கட்டு ஃபாரம். எடுத்துப் புரட்டினாள். பதினாறு. எல்லாவற்றிலும் அவள் பெயர், நேரம், அவர் கையெழுத்து. ‘பூட்டைத் திறக்கக் காரணம்’ என்ற கட்டத்தில் பதினாறிலும் ஒரே வரி:

‘இன்னும் முயன்றுகொண்டிருக்கிறார்.’

“ஓடிடுச்சாம்மா?”

“ஓடிடுச்சு சார்.”

“நல்லது. மேலாளருக்கு ஒண்ணு எழுதணும்.” புது ஃபாரம் ஒன்றை உருவினார்.

அவள் டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டு, எதிரே உட்கார்ந்து ஃபாரத்தை நிரப்பத் தொடங்கினாள்.