புதுசா, பழசா?

"கட்டின புருஷனை ஆஸ்பத்திரியில தள்ளிட்டு நிம்மதியா இருக்கலாம்னு பாக்கறே. அப்படித்தானே?"

மனநல மருத்துவமனையின் பதிவு வரிசையில் நின்றுகொண்டு அக்கா கேட்டாள். தலைமையாசிரியையின் குரல். மெதுவாகப் பேசினாலும் நாலு பேருக்குக் கேட்கும். முன்னால் நின்ற இருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

தம்பி மனைவி கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரடி நகர்ந்தாள்.

தம்பி பஸ் டிரைவர். நாலு மாதமாகவே ஆள் சரியில்லை. தூக்கமில்லை, சரியான சாப்பாடில்லை. நேற்று ஓட்டிக்கொண்டிருந்த பஸ்ஸை நடுப்பாலத்தில் நிறுத்திவிட்டான். "எல்லாரும் இறங்கிடுங்க, பிரேக் என்கிட்ட என்னென்னவோ சொல்லுது" என்று ஒவ்வொருவராகக் கைபிடித்து இறக்கிவிட்டிருக்கிறான்.

இப்போது சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சற்று முன்பு மனைவி நீட்டிய தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டான்.

"இவ என் பெண்டாட்டி இல்லக்கா. அவளை மாதிரியே வேஷம் போட்டுக்கிட்டு வந்திருக்கா."

"வேஷமாவே இருந்துட்டுப் போறேன். ஒரு வாய் தண்ணி குடிங்க" என்றாள் அவள்.

"அவ எப்ப வருவா?"

"நீங்க குடிச்சா வந்துடுவா."

குடிக்கவில்லை. அக்கா வாங்கிக் கொடுத்ததும் மடக் மடக்கென்று குடித்தான். அதில் அக்காவுக்கு உள்ளூர ஒரு திருப்தி.

வரிசையில் வந்து நின்றதும் அதையே பிடித்துக்கொண்டாள். "பாத்தியா? உன்னைக் கண்டாலே ஆகல அவனுக்கு. உன்னைக் கட்டிக்கிற வரைக்கும் என் தம்பி தங்கமா இருந்தான். என்னதான் பண்ணி வச்சே அவனை?"

தம்பி மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது. "நாலு மாசமா உங்ககிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டுதானே இருக்கேன். இங்க வந்துமாக்கா?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சத்தம் போட்டாளே தவிர, அவள் கண் அந்தப் பதிவு ஜன்னலை விட்டு அகலவில்லை.

இதே ஆஸ்பத்திரிதான். பதினோரு வருடத்துக்கு முன் இதே ஜன்னலில்தான் தம்பியின் பெயரைப் பதிந்தாள். தாயில்லாப் பிள்ளையை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள். எட்டு மாத மருந்தில் அவன் தேறினான். வேலையில் சேர்ந்தான். நல்ல இடத்தில் பெண் அமைந்தது. பெண் வீட்டாரிடம் அக்கா மூச்சு விடவில்லை.

கல்யாணம் பேசி முடித்த அன்று சாயங்காலம், ஆஸ்பத்திரியின் மஞ்சள் அட்டையை எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் தப்பாக நிரப்பிய விண்ணப்பத்தைக் கிழிப்பதுபோல நேர் பாதியாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"இத்தோட முடிஞ்சுது. நீயும் மறந்துடு" என்று தம்பியிடம் சொல்லியும்விட்டாள்.

வரிசை நகர்ந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா தலை நிமிராமல் கேட்டார்.

"புதுசா, பழசா?"

"புதுசு." அக்கா முந்திக்கொண்டாள்.

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. பழசுன்னா, அன்னைக்கு எந்த மருந்து கேட்டுச்சுன்னு ஃபைலைப் பாத்து டாக்டர் இன்னைக்கே ஆரம்பிச்சிடுவார். புதுசுன்னா ஒவ்வொண்ணா குடுத்துப் பாக்கணும். மாசக்கணக்குல இழுக்கும்."

அக்கா திரும்பிப் பெஞ்சைப் பார்த்தாள். தம்பி தன் உள்ளங்கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உண்மையைச் சொன்னால் அவன் சீக்கிரம் தேறுவான். ஆனால் இவள் இன்றைக்கே பெட்டியைக் கட்டிவிடுவாள். ஏமாற்றிக் கட்டிவைத்தீர்கள் என்று ஊரைக் கூட்டுவாள். தேறி வருகிறவனுக்கு வீட்டில் யார் இருப்பார்கள்? எல்லாம் தம்பிக்காகத்தான் என்று அக்கா மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். தன் மானமும் கூடவே போகும் என்பதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

"புதுசுதான் சார். எங்க குடும்பத்துலயே யாருக்கும் இப்படி இருந்ததில்ல."

அவள் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தவள்போல, தம்பி மனைவி கைப்பையைத் திறந்தாள். ஒரு பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து எதையோ எடுத்து ஜன்னலுக்குள் நீட்டினாள்.

"பழசு சார்."

மஞ்சள் அட்டை. நடுவில் பழுப்பேறிப்போன செலோடேப்.

குமாஸ்தா எண்ணைக் குறித்துக்கொண்டு, அட்டையையும் ஒரு படிவத்தையும் வெளியே தள்ளினார். "ரத்த சொந்தம் யாரு? கையெழுத்துப் போடுங்க."

அக்காவின் கை பேனாவை எடுக்கவில்லை. "இது... உன்கிட்ட எப்படி?"

"அக்காவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்னு என்கிட்ட சத்தியம் வாங்கினார். 'என்னை வளர்த்தவ, எனக்காகத்தான் பொய் சொன்னா, அவ தலைகுனியக் கூடாது'ன்னார். அதான் நீங்க என்ன சொன்னாலும்..."

தம்பி மனைவி போய்ப் பெஞ்சின் மறுகோடியில், அவன் கைக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்தாள்.

"அவ எப்ப வருவா?" என்று அவன் அவளையே கேட்டான்.

"சீக்கிரமே வந்துடுவா" என்றாள்.

அக்கா அட்டையைத் திருப்பினாள். பின்பக்கத்தில் தம்பியின் கோழிக் கிறுக்கல்:

"இதுதான் நான். இதைப் பார்த்த பிறகும் என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா?"

அதற்குக் கீழே, குண்டு குண்டான எழுத்தில் ஒரே வார்த்தை: "சம்மதம்."

பக்கத்தில் தேதியும் போட்டிருந்தது. அக்கா அந்த அட்டையைக் கிழித்ததற்கு மறுநாள்.